டிஸ்க் டைம்அவுட்: 30 நொடிக் கெடுவை 180 ஆக்கும் முன் பார்க்க வேண்டியவை

லினக்ஸ் சர்வரில் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது எல்லாம் அரை நிமிடம் அப்படியே நின்று, பிறகு ஒன்றும் நடக்காததுபோல ஓடத் தொடங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது டிஸ்க் டைம்அவுட்டைத்தான். அந்த அரை நிமிடம் தற்செயல் இல்லை. ஸ்கஸி, சாட்டா என்ற இணைப்பு வகை டிஸ்க்குக்குப் போகும் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும், அதாவது படி, எழுது என்ற ஒவ்வொரு கேட்புக்கும், லினக்ஸின் மையமான கெர்னல் 30 நொடி கெடு வைக்கிறது. வேகமான எஸ்எஸ்டி-க்கான என்விஎம்இ இணைப்பிலும் அதே 30தான். கெடு முடிந்தும் பதில் வராவிட்டால் அந்த ரிக்வெஸ்ட்டை ரத்து செய்யப் பார்க்கும், முடியாவிட்டால் டிஸ்க்கை ரீசெட் செய்யும், அதன் பிறகு மறுபடி அனுப்பும்.

கெர்னல் லாக்கில் டைம்அவுட் செய்தியைப் பார்த்ததும் பலரும் செய்வது 30ஐ 180 ஆக்குவது. அது சரியான மருந்தாகும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு, கீழே வருகிறது. மற்ற நேரத்தில் அதைச் செய்தால் அரை நிமிட உறைவு மூன்று நிமிட உறைவாகும், அவ்வளவுதான். டைம்அவுட் செய்தி சொல்வது ஒன்றே ஒன்று: கேட்டதற்குக் கெடுவுக்குள் பதில் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அறிய நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும். டிஸ்க், டிஸ்க்குக்குப் போகும் ஒயரும் கரண்டும், கன்ட்ரோலரும் (டிஸ்க்கைக் கணினியோடு இணைக்கும் சிப்) அதன் இன்டரப்ட்டும் ('பதில் வந்துவிட்டது' என்று சிபியு-வுக்குத் தரும் சைகை), கடைசியாகக் கெர்னல் டிரைவர் (டிஸ்க்கை இயக்கும் மென்பொருள்).

கட்டளைப் பெயர்களையும் கோப்புப் பாதைகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடியுங்கள்.

ஆரம்பிக்கும் முன்: பேக்கப்

டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே குறித்து வைக்கும் ஸ்மார்ட் பட்டியலைக் காட்டுவது ஸ்மார்ட்சிடிஎல் கட்டளை. அதை ஹைஃபன் ஏ-வோடு ஓட்டி, 197ஆம் வரியை, அதாவது 197 என்ற எண்ணில் தொடங்கும் வரியைப் பாருங்கள். படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டார்களின் (டிஸ்க்கின் சிறு துண்டுகள்) எண்ணிக்கை அது. அங்கே சுழியத்துக்கு மேல் எண் இருந்து, நாளுக்கு நாள் கூடினால் ஆராய்ச்சியை நிறுத்துங்கள். டிடிரெஸ்க்யூ வைத்து முழு டிஸ்க்கையும் வேறொரு டிஸ்க்குக்கு எடுத்த பிறகு மற்றதைப் பார்க்கலாம். மார்த்தாண்டத்தில் ஒரு ஸ்டுடியோ சர்வர் என்றால் அதற்குள் இருப்பது பத்து வீட்டுக் கல்யாணம். மறுபடி எடுக்க முடியாத பொருள் அது. சாகக் கிடக்கும் டிஸ்க்கில் சோதனை ஓட்டி அதை நாமே முடித்துவிடக் கூடாது.

பதிவைப் பிடிப்பது

டிஸ்க் முடங்கும் நேரத்தில் லாக் கோப்பும் அதே டிஸ்க்கில்தான் எழுதப்பட வேண்டும், எழுத முடியாது. அதனால் மிக முக்கியமான வரிகள்தான் காணாமல் போகும். இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக நுழைந்து, கெர்னல் செய்திகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையை ஹைஃபன் டபிள்யூ-வோடு ஓடவிட்டு வையுங்கள். இன்னும் உறுதியான வழி நெட்கன்சோல் மாட்யூல். கெர்னல் செய்திகளை நேரடியாக யூடிபி 6666 போர்ட்டுக்கு அனுப்பிவிடும், அந்தப் பக்கம் ஒரு நெட்கேட் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். ஒயர் நெட்வொர்க்கில் வையுங்கள், வைஃபையை நம்ப வேண்டாம்.

பதிவு கிடைத்ததும் செய்தியின் நேரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2 மணி 20 நிமிடம் 41 நொடிக்குச் செய்தி வந்திருந்தால், கோளாறு நடந்தது 30 நொடி முன்னால், 2 மணி 20 நிமிடம் 11 நொடி வாக்கில். கெர்னல் இந்த டைமரை முழு நொடிக்கு ரவுண்டு செய்து வைப்பதால் இன்னும் சில நொடி பின்னால் போயும் தேடுங்கள். 20 நிமிடம் 5 நொடியிலிருந்து 11 நொடிக்குள் என்ன நடந்தது? கரண்ட் போய் யூபிஎஸ் மாறியதா? நேரம் குறித்து வேலைகளை ஓட்டும் கிரானில் வைத்த ஸ்மார்ட் சோதனை தொடங்கியதா? தூங்கிக்கொண்டிருந்த டிஸ்க் எழுந்து சுற்றத் தொடங்கியதா? நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் உண்டு. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஓடும் லைனில் ஒரு கொப்பு விழுந்தாலே கரண்ட் மின்னி மின்னி வரும். யூபிஎஸ்ஸின் லாக்கைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடாமல் டிஸ்க்கைக் குறை சொல்ல வேண்டாம்.

செய்தியை வரி வரியாகப் படிப்பது

சாட்டா டைம்அவுட்டில் 'எக்செப்ஷன்' என்று தொடங்கி 'ஃப்ரோசன்' என்று முடியும் ஒரு வரி வரும். அடுத்து 'ஃபெயில்டு கமாண்ட்', அதன் கீழே ஈமாஸ்க் 4, பக்கத்தில் 'டைம்அவுட்'. பிறகு 'ஹார்ட் ரீசெட்டிங் லிங்க்'. மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, எந்தக் கமாண்ட். 'ரீட்' என்றும், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ ஒரே செக்டார் எண்ணாகவும் இருந்தால் அங்கே தட்டில் பழுது. 'ஃப்ளஷ் கேஷ்' என்றால் டிஸ்க் தன் தற்காலிக நினைவான கேஷில் வைத்திருந்ததை எழுதி முடிக்கத் திணறுகிறது. தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஓரளவு படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை ஹார்ட் டிஸ்க்கிலும் தேய்ந்துபோன எஸ்எஸ்டி-யிலும் இதைப் பார்க்கலாம். ஒரே நேரத்தில் இருபது முப்பது டேக்கும் (ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் கொடுக்கும் எண்) சேர்ந்து செத்திருந்தால் செக்டாரைத் தேடிப் பயனில்லை. வழி அடைபட்டிருக்கிறது, அல்லது டிஸ்க்குக்குள் இருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேர் உறைந்திருக்கிறது.

இரண்டாவது, இணைப்பில் கண்ட பிழைகளைச் சொல்லும் எஸ்எரர் என்ற பகுதி. அது சுழியமாக இருந்தால் ஒயர் வழி சுத்தம் என்று தற்காலிகமாக எடுத்துக்கொள்ளலாம். 'பேட்சிஆர்சி', '10பி8பி', 'பிஎச்ஒய்ரெடிசேஞ்ச்' போன்ற பெயர்கள் வந்தால் ஒயர், கனெக்டர், கரண்ட் இந்த மூன்றில் ஒன்று.

மூன்றாவது, ரீசெட்டுக்குப் பிறகு லிங்க் எந்த வேகத்தில் வந்தது. 6.0 ஜிகாபிட்டிலிருந்து 3.0க்கு இறங்கியிருந்தால், கெர்னலே வழியை நம்பாமல் வேகத்தைக் குறைத்திருக்கிறது என்று பொருள்.

குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் ஓடும் கணினிகளில் ஒயர் பக்கத்தை முதலில் பாருங்கள். உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்தால் கனெக்டர் முனைகள் அரிக்கும். ஸ்மார்ட் பட்டியலில் 199ஆம் வரி இதற்கான சாட்சி: ஒயரில் தகவல் சிதைந்த எண்ணிக்கை. இந்த எண் ஒருபோதும் குறையாது, அதனால் 400 என்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். தாளில் குறித்து வையுங்கள், ஒயரை மாற்றுங்கள், ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். 400 லேயே நின்றால் வேலை முடிந்தது. 412 என்றால் அடுத்தது டிஸ்க் பக்க முனை, அதற்கடுத்து மதர்போர்டு போர்ட், அதற்கடுத்து பவர் சப்ளை. டிஸ்க்கின் முனையை, கரண்டை முழுக்க எடுத்துவிட்டு, 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த, நூல் உதிராத துணியால் துடைக்கலாம். உப்புத்தாள் போடாதீர்கள், முலாம் போய்விடும். வாயால் ஊதவும் கூடாது. பழைய சாட்டா ஒயரைத் துடைத்துப் பயன்படுத்துவதைவிடப் புதிது வாங்குவது மேல்.

188ஆம் வரியின் பெயரே 'கமாண்ட் டைம்அவுட்' என்பதால் எல்லோர் கண்ணும் அங்கே போகும். சீகேட் டிஸ்க்குகளில் மூன்று கணக்கை ஒரே எண்ணில் அடுக்கி வைத்திருப்பதால் அது கோடிக்கணக்கில் தெரியலாம். அப்படியே படித்தால் அர்த்தம் இல்லை.

வழி சுத்தம், செக்டாரும் சுத்தம், ஆனாலும் டைம்அவுட் என்றால் ஒரு சின்னச் சோதனை: /சிஸ்/பிளாக்/எஸ்டிஏ/டிவைஸ் கீழே உள்ள 'க்யூ அண்டர்ஸ்கோர் டெப்த்' கோப்பில் 1 என்று எழுதுங்கள் (எஸ்டிஏ இருக்கும் இடத்தில் உங்கள் டிஸ்க்கின் பெயர்). டிஸ்க்குக்கு ஒரு நேரத்தில் ஒரே ரிக்வெஸ்ட்தான் போகும். அதோடு கோளாறு நின்றால் சந்தேகம் ஃபர்ம்வேரின் வரிசை கையாளும் பகுதி மேல் விழும். இதையே நிரந்தரத் தீர்வாக வைத்தால் வேகம் பெரிதும் விழும். ஃபர்ம்வேர் அப்டேட் இருக்கிறதா என்று தேடுங்கள்.

கெடுக்குள் கெடு

உள்ளே இருக்கும் கெடு, வெளியே இருக்கும் கெடுவைவிடச் சின்னதாக இருக்க வேண்டும். பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டு வைத்திருப்பவர்கள் அடிபடுவது இங்கேதான். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு கெட்ட செக்டாரைக் கண்டால் தானே நிமிடக்கணக்கில் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். கெர்னல் 30 நொடியில் பொறுமை இழந்து ரீசெட் அடிக்கும். டிஸ்க் அதற்கும் பதில் சொல்லாது. ஒரே ஒரு செக்டாருக்காக முழு டிஸ்க்கும் ரெய்டிலிருந்து வெளியே போகும். மீதி டிஸ்க்குகளை வைத்து ரீபில்டு ஓடும்போது அங்கேயும் ஒரு கெட்ட செக்டார் அகப்பட்டால் எல்லாம் போச்சு.

தீர்வு, டிஸ்க்கின் சொந்தக் கெடுவைக் குறைப்பது. ஸ்மார்ட்சிடிஎல்லில் ஹைஃபன் எல், பிறகு 'எஸ்சிடிஈஆர்சி,70,70' என்று கொடுங்கள். எண் பத்தில் ஒரு நொடிக் கணக்கு, ஆக 7 நொடி. ஏழு நொடியில் படிக்க முடியாவிட்டால் டிஸ்க் 'முடியவில்லை' என்று ஒழுங்காகச் சொல்லும், ரெய்டு மற்ற டிஸ்க்கிலிருந்து எடுத்து அந்த இடத்தைத் திருத்தி எழுதும். கரண்ட் போய் வந்தால் இந்த அமைப்பு பல டிஸ்க்குகளில் மறந்துபோகும், அதனால் பூட் ஸ்கிரிப்ட்டிலோ டிஸ்க் தெரிந்ததும் ஓடும் யூடெவ் விதியிலோ போட்டு வையுங்கள். இந்த வசதி இல்லை என்று டிஸ்க் சொன்னால், அப்போது மட்டும் /சிஸ்/பிளாக்/எஸ்டிஏ/டிவைஸ்/டைம்அவுட் கோப்பில் 180 எழுதுங்கள். முதலில் சொன்ன அந்தச் சரியான சந்தர்ப்பம் இதுதான்.

ரெய்டு இல்லாத ஒற்றை டிஸ்க்கில் 7 நொடி வைக்காதீர்கள். அங்கே வேறு பிரதி கிடையாது. டிஸ்க் எவ்வளவு முயன்றாலும் முயலட்டும்.

கணக்கையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கஸி டிஸ்க் டிரைவர் ஒரு ரிக்வெஸ்ட்டை ஐந்து முறை வரை மறுபடி அனுப்பும். முதல் முறையோடு ஆறு, ஆறு முப்பது 180 நொடி, நடுவே அபார்ட் (ரத்து), ரீசெட் நேரம் வேறு. அதற்குள் 120 நொடி தாண்டியதும் 'டாஸ்க் பிளாக்டு' என்ற செய்தி வந்துவிடும். அது தனிக் கோளாறு இல்லை, இதே கோளாறின் நிழல்.

இன்னொன்று. அபார்ட் தோற்றுப்போனால் ஸ்கஸியின் பிழை கையாளும் த்ரெட் எழும்ப வேண்டும். அந்த ஹோஸ்ட்டில் (கெர்னல் ஒரே அலகாகப் பார்க்கும் கன்ட்ரோலர்) வெளியே போயிருக்கும் எல்லா ரிக்வெஸ்ட்டும் முடிந்தோ தோற்றோ போன பிறகுதான் அது எழும்பும். அதுவரை புது ரிக்வெஸ்ட் எதுவும் போகாது. சாட்டாவில் ஒவ்வொரு போர்ட்டும் தனி ஹோஸ்ட், பரவாயில்லை. பல டிஸ்க்கை இணைக்கும் எஸ்ஏஎஸ் கார்டில் எட்டு டிஸ்க்கும் ஒரே ஹோஸ்ட். ஒரு டிஸ்க் கெட்டாலும் எட்டும் சேர்ந்து உறையும். எட்டும் நின்றதே, கார்டு போச்சு என்று முடிவு கட்டும் முன், முதலில் டைம்அவுட் ஆனது எது என்று பாருங்கள்.

உறைந்திருக்கும்போதே உள்ளே பார்ப்பது

அந்த 30 நொடிக்குள் கை வைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. கெர்னலின் உள்நிலையைக் கோப்பாகக் காட்டும் டீபக்எஃப்எஸ் மவுண்ட் ஆகியிருக்க, /சிஸ்/கெர்னல்/டீபக்/பிளாக்/எஸ்டிஏ கீழே எச்சிடிஎக்ஸ்0 என்ற ஃபோல்டர், அதற்குள் 'பிஸி' என்ற கோப்பு. அதைப் படித்தால் டிஸ்க்கிடம் போய்த் திரும்பாத ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் ஒரு வரியாக வரும்: ரீடா ரைட்டா, நிலை 'இன்ஃப்ளைட்'டா, டேக் எண் என்ன, எத்தனை முறை மறுமுயற்சி, கெடு 30.000, கடைசியில் 'அலொகேட்டட் 25.310 எஸ் அகோ'. இன்னும் ஐந்து நொடியில் சாகப் போகும் ரிக்வெஸ்ட்டை உயிரோடு பார்க்கிறீர்கள். ஒரே ஒரு வரிக்கு மட்டும் வயது ஏறி, மற்றவை வந்து வந்து போனால் அந்த ஒரு செக்டார் மேல் சந்தேகம். எல்லா வரிக்கும் ஒரே வயது என்றால் டிஸ்க் முழுவதும் ஊமையாகிவிட்டது.

இன்டரப்ட் தொலைந்ததா என்று அறிய /ப்ராக்/இன்டரப்ட்ஸ் கோப்பை ஐந்து நொடி இடைவெளியில் இருமுறை படியுங்கள். கன்ட்ரோலரின் எண்ணிக்கை அசையாமல் இருந்தால் பதில் வரவில்லை, அல்லது வந்ததை யாரும் சொல்லவில்லை. என்விஎம்இ டிரைவர் இதை நேராகவே சொல்லிவிடும்: 'டைம்அவுட், கம்ப்ளீஷன் போல்டு' என்றால் பதில் மெமரியில் தயாராகக் கிடந்தது, இன்டரப்ட் மட்டும் வரவில்லை. டிஸ்க்கை மாற்றிப் பயனில்லை. பயாஸ், இன்டரப்ட் அமைப்பு, வர்ச்சுவல் மெஷின் என்றால் அதை இயக்கும் ஹைப்பர்வைசர், இவற்றைப் பாருங்கள். 'கன்ட்ரோலர் இஸ் டவுன்' என்று வந்து, கன்ட்ரோலரின் நிலையைக் காட்டும் சிஎஸ்டிஎஸ் மதிப்பு முழுக்க எஃப் எழுத்தாக இருந்தால் டிஸ்க் பஸ்ஸிலிருந்தே மறைந்துவிட்டது. பவர் சேமிப்பு நிலையிலிருந்து எழும்ப முடியாமல் போவது இதற்கு அடிக்கடி காரணமாகும். பூட் வரியில் என்விஎம்இ கோர் மாட்யூலின் 'டிஃபால்ட் பிஎஸ் மேக்ஸ் லேட்டன்சி யூஎஸ்' அளவைச் சுழியமாக்கிச் சோதியுங்கள். பெயரின் சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர்.

எப்போது வரும் என்று தெரியாத கோளாறுக்கு கெர்னல் நிகழ்வுகளைப் பதியும் ட்ரேஸ் வைத்துப் பொறி வையுங்கள். ஸ்கஸி நிகழ்வுகளில் 'டிஸ்பேட்ச் சிஎம்டி ஸ்டார்ட்', 'டன்', 'டைம்அவுட்' மூன்றையும் இயக்கி, டைம்அவுட் நிகழ்வின் 'ட்ரிக்கர்' கோப்பில் 'ட்ரேஸ்ஆஃப்' என்று எழுதுங்கள். முதல் டைம்அவுட் நடந்த நொடியில் பதிவு தானாக நின்றுவிடும், முன்னால் நடந்தது பஃபரில் அப்படியே இருக்கும். 30 நொடிக்கான நிகழ்வு கொள்ளும் அளவுக்கு பஃபரைப் பெரிதாக்க மறக்காதீர்கள். பிறகு அந்த ரிக்வெஸ்ட்டின் 'ஸ்டார்ட்' வரியைத் தேடுங்கள், அதற்கு 'டன்' உண்டா பாருங்கள். 'டன்' இருந்தும் டைம்அவுட் ஆகியிருந்தால் டிஸ்க் நிரபராதி. கோளாறு மென்பொருளில்.

டிரைவர் எழுதுபவர்களுக்கு

டைம்அவுட்டைக் கையாளும் குறியீட்டில் நடக்கும் தவறுகளில் மிகக் கொடியது இது: கெடு முடிந்ததும் டிரைவர் ரிக்வெஸ்ட்டைத் தோல்வி என்று முடித்துவிடுகிறது, டிஸ்க்கை நிறுத்தவில்லை. மேலே இருக்கும் ஃபைல் சிஸ்டம் அந்த மெமரிப் பக்கத்தை விடுவிக்கிறது, வேறொரு புரோகிராம் அதை எடுத்துக்கொள்கிறது. இரண்டு நொடி கழித்து டிஸ்க் தூக்கத்திலிருந்து எழுந்தவன்போல சிபியு இல்லாமலே மெமரியில் எழுதும் டிஎம்ஏ வழியாகப் பழைய தகவலை அந்தப் பக்கத்தில் கொட்டுகிறது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. தகவல் மட்டும் கெட்டிருக்கும். அபார்ட் வென்றது, அல்லது ரீசெட் முடிந்து டிஎம்ஏ நின்றது என்று உறுதியாகும்வரை ரிக்வெஸ்ட்டை முடிக்கக் கூடாது. வரிசை மாறவே கூடாது.

அடுத்தது டேக் மறுபயன்பாடு. டேக் 17ஐ முடித்துவிட்டுப் புது ரிக்வெஸ்ட்டுக்குக் கொடுத்த பிறகு, பழைய 17க்கான பதில் தாமதமாக வந்தால் புதியது முடிந்ததாகக் கணக்காகிவிடும். என்விஎம்இ டிரைவர் இதைத் தடுக்க 16 பிட் கமாண்ட் எண்ணில் கீழ் 12 பிட்டை டேக்குக்கும் மேல் 4 பிட்டைத் தலைமுறை எண்ணுக்கும் வைத்திருக்கிறது. தலைமுறை பொருந்தாத பதிலை ஏற்காது. உங்கள் சாதனத்தில் எண்ணுக்கு இடம் இருந்தால் அதையே செய்யுங்கள்.

டிரைவரின் டைம்அவுட் ஃபங்ஷன் 'ரீசெட் டைமர்' என்று திருப்பினால் கெடு மறுபடி தொடங்கும், 'டன்' என்றால் இனி இது டிரைவர் பொறுப்பு. எப்போதும் 'ரீசெட் டைமர்' என்று சொல்லித் தப்பித்தால் ரிக்வெஸ்ட் சாகவே சாகாது. யாராவது க்யூவை (ரிக்வெஸ்ட் வரிசையை) ஃப்ரீஸ் செய்யும்போது அது என்றென்றும் நிற்கும். கெர்னலுக்கு நேரடி ஆணை தரும் சிஸ்ரெக்யூவில் டபிள்யூ அழுத்தி வரும் ஸ்டாக்கில் 'ஃப்ரீஸ் க்யூ வெயிட்' என்று தெரிந்தால் இதைத் தேடுங்கள். இதே குடும்பத்தில் இன்னொரு பூட்டு: ரீசெட் வேலை ஒரு கமாண்டை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது, அந்தக் கமாண்டே டைம்அவுட் ஆகிறது, டைம்அவுட் ஃபங்ஷன் ரீசெட் முடியக் காத்திருக்கிறது. ஒருவருக்கொருவர் வழிவிடக் காத்து நிற்பார்கள். ரீசெட் நடக்கும்போது வரும் டைம்அவுட்டுக்குத் தனி வழி எழுதியே ஆக வேண்டும். பிழை வழியில் மெமரி கேட்டால் 'நோ ஐஓ' வகையில் கேளுங்கள். இல்லாவிட்டால் மெமரியை விடுவிக்கக் கெர்னல் அதே டிஸ்க்கில் எழுதப் பார்க்கும்.

சோதனைக்கு நிஜ டிஸ்க் வேண்டாம். போலி டிஸ்க் தரும் ஸ்கஸி-டீபக் மாட்யூலை 256 எம்பி அளவில் ஏற்றுங்கள், டைம்அவுட்டை 5 நொடியாகக் குறையுங்கள். மாட்யூல் ஏறி டிஸ்க் தெரிந்த பிறகு 'எவ்ரி நத்' 1000, 'ஆப்ட்ஸ்' 4 வையுங்கள். முதலிலேயே வைத்தால் ஸ்கேன் நேரத்திலேயே அடிபடலாம். ஆயிரத்தில் ஒரு கமாண்டுக்குச் சாதனம் ஊமையாகும். கெர்னலின் 'ஃபெயில் ஐஓ டைம்அவுட்' வசதி வேறு மாதிரி: சாதனம் பதில் தந்துவிடும், அந்தப் பதிலைக் கெர்னல் வேண்டுமென்றே தொலைக்கும். இரண்டு வழியும் வேறு வேறு பிழைகளைக் கொண்டுவரும், இரண்டையும் ஓட்டுங்கள்.

பதிலும் கெடுவும் மோதும் அந்த நொடியைச் சோதிக்க, கெடு 1 நொடி, ஸ்கஸி-டீபக்கின் 'டிலே' ஏறத்தாழ அதே அளவு. அது ஜிஃபி (கெர்னல் கடிகாரத்தின் ஒரு துடிப்பு) கணக்கு, நொடிக்கு 250 துடிப்புள்ள எச்இசட் 250 கெர்னலில் 250 முதல் 500 வரை மாற்றி மாற்றி வையுங்கள். ரிக்வெஸ்ட் ஓடும்போது மாற்றப் பார்த்தால் 'பிஸி' என்று மறுக்கும், எழுதிப் படித்துச் சோதிக்கும் கருவியான எஃப்ஐஓ-வை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். எஃப்ஐஓ-வில் சிஆர்சி32சி சரிபார்ப்போடு எழுதிப் படியுங்கள், கெர்னலைக் காசான் (மெமரிப் பிழை பிடிப்பது), லாக்டெப் (பூட்டுப் பிழை பிடிப்பது) இரண்டும் இயக்கிக் கட்டுங்கள். டைம்அவுட் பிழைச் செய்தி வந்தால் அது எதிர்பார்த்தது. சரிபார்ப்பு தவறினால் நிறுத்திவிட்டு, மேலே சொன்ன டிஎம்ஏ வரிசையிலிருந்து மறுபடி படியுங்கள்.

எல்லாம் சரியானதும் சோதனைக்காகக் குறைத்த கெடுவை 30க்குத் திருப்புங்கள், க்யூ அளவையும் பழையபடி வையுங்கள். 199, 197 இரண்டு எண்ணையும் தேதி போட்டுக் கேபினெட் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். நெட்கன்சோலை அடுத்த மழைக்காலம் முடியும்வரை எடுக்க வேண்டாம்.